நாற்பத்துநாலாவது கரண்டி

புல்லறுப்பு மாதம் 9

கடற்கரைப் பக்கத்திலிருந்து உப்பு வியாபாரி வந்திருந்தான். புது ஆள். வாசல் சுவரில் வரிசையாகத் தொங்கும் மரக்கரண்டிகளைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைப்பாடு. ஒண்ணு என்ன விலைங்க?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை யெவ்தா முந்திக்கொண்டாள். "விக்கிறதுக்கு இல்லப்பா. எங்கண்ணன் கொன்னவங்க சாப்பிடுற கரண்டி. உனக்கும் ஒண்ணு வேணும்னா இங்கயே நின்னு இன்னும் ரெண்டு கேள்வி கேளு."

உப்பை அளந்து கொட்டியவன் தன் கழுதையைவிட வேகமாக மலையிறங்கிப் போனான். யெவ்தா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் சொன்ன விடை பாதிதான் சரி. விடையைத் திருத்தாமல் விட என்னால் முடியாது. இருபது வருடம் சுண்ணக்கட்டி பிடித்த கை; அதன் பிறகுதான் ஒன்பது வருடம் வாள் பிடித்தது. முழு விடை இது: மலைக்குக் கீழே செத்தவர்கள் மண்ணுக்குப் போகிறார்கள். இங்கே, கொலையுண்டவர்கள் கொன்றவன் வீட்டுக்கு வருகிறார்கள். பொழுது சாயும்போது வந்து சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி. கொன்றவனே செதுக்கித் தரவேண்டும். அவர்கள் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவார்கள். மற்றவர்கள் பார்ப்பது காலையில் ஈரமாகத் தொங்கும் கரண்டியை.

எனக்கு நாற்பத்து மூன்று பேர். சோளக்களி ஆறிப்போயிருந்தாலும் ஊதி ஊதித் தின்னும் செருப்புத் தைப்பவன் ஒருவன். ஒரே கிண்ணத்தில் தின்னும் அக்கா தங்கை இருவர். யாரும் என்னைத் திட்டுவதில்லை. பேசுவதே இல்லை. சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சையில் கேள்வித்தாளுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல.

யெவ்தா தினமும் நாற்பத்து மூன்றைக் கழுவித் தொங்கவிடுகிறாள். நாற்பத்துநாலாவது கரண்டி எப்போதும் காய்ந்தே இருக்கிறது. "இது யாருக்குண்ணே?" என்பாள். "உதிரி" என்பேன். பதினொரு வருடமாக இதே கேள்வி, இதே விடை. இந்த விடைக்கு நானே மதிப்பெண் போடமாட்டேன்.

புல்லறுப்பு மாதம் 12

ராதுல் வீட்டில் இன்னொரு கரண்டி வெடித்துவிட்டதாம். சுவரில் தொங்கும்போதே, பட்டென்று, நீளவாக்கில். அப்படி வெடித்தால் அந்த ஆள் அமைதியாகி மலையேறிப் போய்விட்டான் என்று அர்த்தம். இனி அந்த வீட்டுக்கு வரமாட்டான்.

முப்பத்தொன்றில் தொடங்கியவன். இப்போது ஐந்து. என் சுவரில் பதினொரு வருடத்தில் ஒன்றில்கூட மயிரிழை விரிசல் இல்லை.

யார் இந்த ராதுல்? என்னிடம் ஏழு வருடம் படித்து, ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பாதியைத் தாண்டாதவன். நான் படை திரட்டிக் கொடியேற்றியபோது முதல் ஆளாக வந்து நின்றவன். நான் கைகாட்டிய இடத்தில் வெட்டியவன். சொல் என்னுடையது, கை அவனுடையது. அவ்வளவுதானே வித்தியாசம்?

ஓர் உதாரணம். இரண்டு பேர் ஒரே குட்டையில் விழுந்து எழுகிறார்கள். ஒருவன் மேலிருந்த சேறு மட்டும் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. மற்றவன் என்ன செய்வான்? சூரியனைத் திட்டுவான்.

நான் சூரியனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

புல்லறுப்பு மாதம் 26

நான்கு. நான் கேட்கவில்லை. யெவ்தாவாகச் சொன்னாள்.

கதிரறுப்பு மாதம் 3

நான் செய்யாதது என்ன? ஆலய மணி வார்த்துக் கொடுத்தேன். தாரெனா ஆற்றின் மேல் கல்பாலம் கட்டினேன், ஐந்து வளைவு. ஜனங்கள் அதில் நடக்கிறார்கள். நடந்து எங்கே போகிறார்கள்? ராதுல் வீட்டுக்கு. கையில் பேரிக்காய், ஆட்டுப் பாலாடைக்கட்டி. இன்று சாளரத்தில் நின்று பார்த்தேன், மூன்று பேர்.

"அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.

"அவன்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. அதான்" என்றாள் யெவ்தா. அவரைக்காய் உரித்துக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல், "நீ பாலத்துல மூணு எடத்துல உன் பேரை வெட்டி வெச்சிருக்க. நடக்கும்போது கால் தடுக்குது" என்றாள்.

கதிரறுப்பு மாதம் 10

ஒரு சந்தேகம். அடுப்புமேல் வைத்துத் தானே வெடிக்க வைக்கிறானோ? பார்த்து எழுதுகிற பையனாயிற்றே. புதிதாக ஒரு கரண்டி செதுக்கி, கணப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்துச் சோதித்தேன். கறுத்தது. வெடிக்கவில்லை. யெவ்தா அதை எடுத்து ஊறுகாய்ச் சாடிக்குள் போட்டுவிட்டாள்.

பிளம் மாதம் 2

இன்று ராதுலுக்குத் தெரியாமல் அவன் பின்னாலேயே போனேன். ப்ரெனிக் ஊர் வரை, இரண்டு மணி நேர நடை. அறுபத்தாறு வயதில் ஒரு முன்னாள் படைத்தலைவன் வேலிக்கு வேலி பதுங்கிப் போவதை யாராவது பார்த்திருந்தால்—போகட்டும்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். கையில் ஒரே ஒரு கரண்டி. கொல்லன் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றான். நான் எதிரே, வால்நட் மரத்துக்குப் பின்னால்.

கொன்றவன், செத்தவன் வீட்டில் வாசல் நிற்பதன் விதி பால்குடி பிள்ளைக்கும் தெரியும். வெறுங்கால். அந்த ஆளின் கரண்டியைத் தவிர கையில் எதுவும் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. செத்தவனைப் பற்றி வீட்டார் சொல்வதையெல்லாம், அவர்களாக முடிக்கும்வரை, நின்று கேட்க வேண்டும். கடைசியில் கரண்டியில் களி வைத்தால் அங்கேயே தின்ன வேண்டும். அந்த ஆள் மலையேறிவிடுவான். கரண்டியைப் பிடுங்கி எறிந்தால், அடுத்த வருடம் வர வேண்டும். முதல் பனி விழுந்த பிறகு யாரும் நிற்கக் கூடாது.

கொல்லன் பேசினான். உச்சிப்பொழுதிலிருந்து பேசினான். "எம்பய முட்டை திருடுவான்டா. திருடி என்ன பண்ணுவான் தெரியுமா? தின்ன மாட்டான்! சட்டைக்குள்ள போட்டு அடை காப்பான். பொரிக்கும்னு! ஒருநாள் மறந்து குப்புறப் படுத்துட்டான்…" சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு போகப் போக வேறொன்றாக மாறியது. ராதுல் நின்றான். ஈ மொய்த்தது, ஓட்டவில்லை. கொல்லன் திட்டினான், காறித் துப்பினான், மறுபடி முட்டைக்கே வந்தான். பொழுது சாய்ந்தபோது கொல்லன் மனைவி சட்டியோடு வெளியே வந்தாள். களி வைத்தாள்.

எனக்கு எரிந்தது. கொல்லனுக்காக வருத்தப்பட வேண்டிய இடத்தில் என் நெஞ்சில் இருந்தது இது மட்டும்தான்: இவனுக்கு வைக்கிறார்களே, இவனுக்கு.

மூன்று வருடத்துக்கு முன் இதே தெருவில், நான்கு வீடு தள்ளி, ஸ்தானா வாசலில் நானும் நின்றேன். அவள் கணவன் ப்ரெனிக் களஞ்சியத்தில் எரிந்தவர்களில் ஒருவன். அந்த ஊரார் கப்பம் தரமாட்டோம் என்று களஞ்சியத்துக்குள் போய் உட்பக்கம் தாழிட்டார்கள். வெளிப்பக்கமும் தாழிடச் சொன்னேன். பிறகு தீ வைக்கச் சொன்னேன். என் நாற்பத்து மூன்றில் இருபத்தாறு பேர் அங்கிருந்து வந்தவர்கள். இன்னும் முப்பது பேர் வந்திருப்பார்கள்; யாரோ பின்கதவுத் தாழை எடுத்துவிட்டதால் தப்பினார்கள். யாரோ.

ஸ்தானா வீட்டுக்குக் கறவை மாட்டோடு போனேன். அது முதல் தவறு. "அவரு காலையில எந்திரிச்சதும்…" என்று அவள் தொடங்கினாள். அவள் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று நான் விளக்கப் போனேன். அது இரண்டாம் தவறு. "ஒரு தோட்டக்காரன் மரத்தைக் காப்பாத்த ஒரு கிளையை வெட்டுறான்னு வைம்மா…" மூன்று உதாரணம் சொன்னேன். அவள் முழுவதும் பொறுமையாகக் கேட்டாள்.

"பாடம் முடிஞ்சுதா வாத்தியாரே? மணி அடிக்கட்டுமா?"

மாடு எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது.

பிளம் மாதம் 19

ராதுலுக்கு இன்னும் ஒன்றே ஒன்று.

பிளம் மாதம் 23

சாணைக்கல் இரவல் கேட்கிற சாக்கில் ராதுல் வீட்டுக்குப் போனேன். பொழுது சாயும் நேரம். அவரைக்காய் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கிண்ணம் எடுத்து வைத்திருந்தான்.

"வாங்க வாத்தியாரய்யா. உக்காருங்க. அங்க வேணாம், அது ஆளிருக்கிற எடம்."

நகர்ந்து உட்கார்ந்தேன். காலியான சுவர். முப்பது வெறும் ஆணிகள், ஒரே கரண்டி. மட்டமான வேலை, அவனுக்குக் கத்தி பிடிக்கவே வராது. ஆனால் காம்பில் ஏதோ கீறியிருந்தான். எழுந்து போய்ப் பார்த்தேன்.

இரட்டைக் குழல்.

"யாருடா இது?" என்றேன்.

அவன் சட்டியைக் கிளறினான். "உங்க வீட்டு ஆளுதாங்க."

"தினம் வரானா?"

"பதினோரு வருசமா. ஒருநா தவறல. இப்பக்கூட…" என்று எனக்குப் பக்கத்து வெறுமையைப் பார்த்தான். "வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே உப்புக்குக் கை நீட்டுறான் பாருங்க. ருசி பாத்துட்டுப் போடுடான்னா கேக்க மாட்டான்."

அம்மா அந்தக் கையை எத்தனை தடவை அடித்திருக்கிறாள். நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிண்ணம், கொஞ்சம் ஆவி.

"சொன்னது நான்டா. என்கிட்டதான வரணும்? அவனுக்குன்னு ஒண்ணு செதுக்கி வெச்சிருக்கேன். உன்னுதவிட நல்ல வேலை!"

"செதுக்குனா போதுங்களா?" என்றான். ஏளனமே இல்லை, சந்தேகம் கேட்கிற மாணவனைப் போலக் கேட்டான். "அவன் பேரை யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

பிறகு சொன்னான்: "யெவ்தாக்கா முன்னாடி நான் நிக்கணும், வாத்தியாரய்யா. நீங்க வேணாம்னதால இத்தன வருசம் நிக்கல. இந்த வருசம் பனி விழுறதுக்குள்ள நின்னுக்கட்டுமா?"

"என் வாசலுக்கு வந்தா காலை முறிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாணைக்கல்லை மறந்துவிட்டேன்.

பிளம் மாதம் 24

நேற்று எழுதாததை எழுதுகிறேன். வேலிமிர், எங்கள் தம்பி; இரட்டைக் குழல் ஊதுகிறவன். களஞ்சியத்தின் பின்கதவுத் தாழை எடுத்தது அவன்தான். மறுநாள் காலை அவனை மாவு ஆலைக்குப் பின்னால் கூட்டிப் போகும்படி ராதுலிடம் சொன்னது நான். ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துப் போய்விட்டது என்று யெவ்தாவிடம் சொன்னதும் நான். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆற்றங்கரையில் மூன்று நாள் தேடினாள்.

படைக்கு ஒழுங்கு வேண்டும். ஒரு வகுப்பில் ஒருவன் எழுந்து போனால் மற்றவர்களும்—

இல்லை. இந்த உதாரணம் சரியில்லை.

அவன் என்னைப் பழி சொல்லவில்லை, அமைதியாகப் போய்விட்டான் என்றல்லவா நினைத்திருந்தேன்? அதற்காகவே அந்தக் காய்ந்த கரண்டியைப் பார்த்து எத்தனை காலைகளில் ஆறுதல் அடைந்திருக்கிறேன். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருக்கிறான். கழுத்தை வெட்டியவன் வீட்டில். நான் கட்டிய பாலத்தைத் தாண்டி ஒரு தடவைகூட வரத் தோன்றவில்லை அவனுக்கு. என் தம்பிடா அவன். என் தம்பி!

இலையுதிர் மாதம் 5

ராதுல் சந்தைக்குப் போனபோது அந்தக் கரண்டியை எடுத்து வந்துவிட்டேன். ஆமாம், திருடினேன். மாலையில் என் சுவரோரம் உப்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். செருப்புத் தைப்பவன் ஊதினான். வேலிமிர் வரவில்லை.

இலையுதிர் மாதம் 6

வேலிக்கு அந்தப் பக்கம் ராதுல் வந்து நின்றான்.

"வாத்தியாரய்யா, கரண்டி…"

"எந்தக் கரண்டி?"

"நேத்து கையால சாப்பிட்டான். ரசத்தை." தன் விரல்களை எனக்குக் காட்டினான், சுட்டது அவனுக்குத்தான் என்பதைப் போல. "வேற கரண்டி குடுத்தேன். வாங்கல."

"தொலைச்சுட்டு இங்க வந்து கேக்குறியா?"

"சரிங்க வாத்தியாரய்யா."

போய்விட்டான். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். செய்யாத தப்புக்கு அடித்தாலும் சரிங்க என்பான்.

இலையுதிர் மாதம் 9

யெவ்தா என் படுக்கையை உதறப்போய்க் கரண்டியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னண்ணே, கரண்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா தூங்குற?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தவள் காம்பைத் திருப்பினாள். சிரிப்பு நின்றது. கட்டைவிரலால் அந்தக் குழலைத் தடவினாள்.

"இது ராதுல் கை. இவ்வளவு கேவலமா வேற யாரும் செதுக்க மாட்டாங்க." குழலிலிருந்து விரலை எடுக்காமல், "வேல்யா ஆத்துல போகலையா?"

நான் தலையை அசைத்தேன். இல்லை என்று.

"ராதுலா?"

ஆமாம் என்று அசைத்தேன்.

இரண்டு விடையும் சரி. மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

இலையுதிர் மாதம் 10

யெவ்தா பாலத்தைக் கடந்து போய், ஊர் பார்க்க, ராதுல் முற்றத்தில் கரண்டியை எறிந்துவிட்டு வந்தாள். "எடுத்துக்கிட்டு வாடா. வந்து நில்லு. பத்து வருசம் வந்தாலும் பத்து வருசமும் புடுங்கி எறியுறேன்!" என்று கத்தினாளாம்.

இனி அந்த ஒன்று வெடிக்காது. அவனும் என்னைப் போலச் சாகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்று களி ருசித்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

இலையுதிர் மாதம் 11

இன்று ருசிக்கவில்லை.

இலையுதிர் மாதம் 27

காலையிலிருந்து உறைய வைக்கும் குளிரில் மழைத் தூறல். யெவ்தா கதவைத் திறந்தபோது ராதுல் நின்றுகொண்டிருந்தான். வெறுங்கால் நீலம் பாரித்திருந்தது. கையில் கரண்டி.

நான் உள்ளே கணப்போரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது.

முதலில் திட்டினாள். எங்கள் ஊரில் இருக்கும் வசவு போதாமல் கீழ்நாட்டு வசவும் வந்தது. பிறகு, திட்டிக்கொண்டே இருக்கும்போதே, பேச்சுக்குள் தம்பி வந்துவிட்டான்.

"வாத்துக்குப் பயப்படுவான்டா அவன்! பதினாறு வயசு, மீசை மொளச்சாச்சு, வாத்து தொரத்துதுன்னு பிளம் மரத்துல ஏறிக்கிட்டு அக்கா அக்கான்னு கத்துறான். எறங்குடா மானம் போகுதுங்குறேன், அது போகட்டும் பரவாயில்லங்குறான்…" சிரித்தாள். "அவன் கல்யாணத்துக்கு சட்டை தெச்சு வெச்சிருந்தேன். கழுத்துப் பட்டி மட்டும் பாக்கி. இன்னும் பாக்கியாவே இருக்கு பெட்டியில."

சொல்லிக்கொண்டே போனாள். எனக்குத் தெரியாத வேலிமிர்கள் எத்தனை பேர்! குழல் ஊதினால் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிடுகின்றன என்று ஆட்டுக்காரர்கள் அவனை விரட்டியது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் என் வகுப்புக்குப் போய், கணக்குக்குப் பதில் பாட்டு சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகள் நான் குணமாகி வந்தபோது முகம் சுளித்தார்கள். அது மட்டும் எனக்குத் தெரியும். அந்த முகங்களை நான் மறக்கவே இல்லை.

கடைசியில் கேட்டாள். "அவனை ஏன்டா? அவன் உனக்கு என்னடா பண்ணினான்?"

ராதுல் தாடியிலிருந்து நீர் சொட்டியது.

"சொல்லுடா, ஏன்?"

ஒரு சொல் போதும் அவனுக்கு. உள்ளே கைகாட்டினால் போதும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யெவ்தா கரண்டியைப் பிடுங்கினாள். எறியக் கையை ஓங்கினாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன், யெவ்தா."

அவள் திரும்பவில்லை.

"ப்ரெனிக்ல பின்கதவுத் தாழை எடுத்தது வேலிமிர். அதுக்காக நான்தான் இவன்கிட்ட சொன்னேன்."

"முப்பது பேரைக் காப்பாத்துனதுக்கா?"

"ஒரு வகுப்புல ஒருத்தன்…" என்று ஆரம்பித்தேன். என் வாய் தானாகத் தொடங்கியது. நிறுத்தினேன். அதுதான் என் வாழ்நாளிலேயே கடினமான காரியம். "அன்னைக்கு படை முழுக்க அவனையே பாத்துச்சு. ஒருத்தன்கூட என்னைப் பாக்கல. எல்லாருக்கும் அவனைப் புடிச்சிருந்துச்சு, யெவ்தா. எப்பவும்."

ஓங்கிய கை கீழே இறங்கியது.

யெவ்தா உள்ளே வந்தாள். என்னை ஒரு தூணைக் கடப்பது போலக் கடந்தாள். களிச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், கரண்டியில் களி வைத்தாள். ஒரு சிட்டிகை உப்புத் தூவினாள். ராதுல் கையில் கொடுத்தாள். அவன் தின்றான். கரண்டி அவன் கையிலேயே வெடித்தது, காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி. அவன் செருப்பை மறந்துவிட்டு நடந்து போனான்.

யெவ்தா என் கால்களைப் பார்த்தாள்.

செருப்பைக் கழற்றினேன். சுவரிலிருந்து அந்தக் காய்ந்த கரண்டியை எடுத்துக்கொண்டு, என் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். அவள் பேச ஆரம்பிப்பாள், கேட்கலாம் என்று நின்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தூறல் நின்று பனி விழத் தொடங்கியது. முதல் பனி. இனி அடுத்த வருடம்தான்.

உறைபனி மாதம் 1

மாட்டுக்கொட்டிலில் படுக்கை. காலையில் கரண்டிகளை நானே கழுவினேன். செதுக்கித் தொங்கவிட்ட பிறகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அக்காவின் கரண்டி ஒரு பக்கமும் தங்கையின் கரண்டி மறுபக்கமும் தேய்ந்திருக்கிறது. தங்கை இடக்கைப் பழக்கம் உள்ளவள் போலிருக்கிறது.

உறைபனி மாதம் 8

யெவ்தா பேசுவதில்லை. களியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். சூடாக இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் எழுதிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

உறைபனி மாதம் 11

காலையில் நாற்பத்துநாலாவது கரண்டி ஈரமாக இருந்தது.

நேற்று இருட்டுவதற்குள் அசதியில் தூங்கிப்போயிருந்தேன். அதனால் அவனைப் பார்க்கவில்லை. கரண்டி மட்டும். முதலில் பனி உருகியது என்று நினைத்தேன். முகர்ந்தேன். களி.

கதவுக்கு வெளியே நின்று, "வந்துட்டான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யெவ்தா கதவைத் திறந்தாள். ஈரத்தை விரலால் தொட்டாள். அந்த விரலை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொழுது சாய்ந்தபோது உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போனாள்.

விழித்திருந்தேன். வந்தான். ராதுலின் கணக்கு தீர்ந்தது; பெயரைச் சொன்னதால் இனி என் கணக்கு. நான் கிழவனாகிவிட்டேன், அவன் அப்படியே இருக்கிறான். உட்கார்ந்தான். வாயில் வைப்பதற்கு முன்பே கை நீட்டினான்.

உறைபனி மாதம் 13

மாலையில் ராதுல் வந்தான். ஒரு வாரமாகத் தூக்கமே இல்லையாம். "வீடு வெறிச்சுன்னு இருக்குங்க வாத்தியாரய்யா. ரெண்டு கிண்ணம் எடுத்து வெச்சுட்டு, அப்புறம் ஒண்ண எடுத்து உள்ள வெக்கிறேன்." பேசிக்கொண்டே என் சுவரைப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். உதடு அசைந்தது. நாற்பத்துநாலு. சரியாக எண்ணினான்.

கடைசிக் கரண்டியையும், பக்கத்தில் உப்புக் கிண்ணத்தையும், அதில் மூன்று விரல் பதிந்த குழியையும் பார்த்தான். அவன் முகத்தில் வந்ததை நான் நன்றாக அறிவேன். கோடை முழுவதும் சாளரக் கண்ணாடியில் என் முகத்தில் பார்த்ததுதான்.

"உங்ககிட்டயா வந்தான்?" என்றான்.

உள்ளேயிருந்து யெவ்தா இரண்டு கிண்ணம் களி கொண்டுவந்து வைத்தாள். ஒன்று அவனுக்கு. ஒன்று எனக்கு, கைக்கெட்டாமல் கொஞ்சம் தள்ளி.

ராதுல் சுவரோரமாக உட்காரப் போனான்.

"அங்க வேணாம்டா" என்றேன். "அது ஆளிருக்கிற எடம்."